கிழடு தட்டாத மாடுகள்

ஸ்டார்டியூ வேலி என்ற வீடியோ கேமில் உள்ள என் பண்ணையில் மங்களம் என்று ஒரு பசு இருக்கிறது. விளையாட்டின் முதல் வருஷக் கோடையில், மாடு விற்கும் மார்னியின் கடையில் 1,500 காசு கொடுத்து வாங்கிய கன்று. இப்போது பண்ணைக்கு ஏழாம் வருஷம் நடக்கிறது. மங்களம் இன்றைக்கும் காலையில் ஒரு பெரிய குடுவை பால் கொடுக்கிறாள். ஒருநாள் தவறியதில்லை, ஒருமுறை வற்றியதில்லை, கன்று ஈன்றாளா என்று யாரும் கேட்டதும் இல்லை.

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். எங்கள் பாட்டி ஒரு மாட்டைப் பற்றிப் பேசினால் முதலில் ‘எத்தனையாவது ஈத்து’ என்றுதான் தொடங்குவார். முதல் ஈத்தா, மூன்றாவதா, ஈன்று எத்தனை மாதம், இப்போது சினையா, எப்போது வற்றும், எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் வரிசையாக வரும். சந்தையில் தரகர் மாட்டின் வாயைப் பிரித்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, பல்லெல்லாம் சேர்ந்துவிட்டதா? அதை வைத்துத்தான் விலை. மாட்டின் வயது என்பது அங்கே கணக்கு. வீடியோ கேமில் அந்தக் கணக்கை யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றி எழுதியிருக்கிறார். எதை எடுத்தார், எதை வைத்தார் என்று பார்த்தால், பண்ணை விளையாட்டுகள் ஏன் ஒன்றுக்கொன்று இவ்வளவு வேறு மாதிரி இருக்கின்றன என்பது புரியும்.

வயது என்று பொதுவாகச் சொன்னாலும் ஒரு பண்ணை விலங்குக்குள் பல கடிகாரங்கள் ஓடுகின்றன. கன்று பெரிதாவது ஒன்று. பால், முட்டை, கம்பளி இவற்றின் வரத்து ஏறி இறங்குவது இன்னொன்று. கடைசியில் சாவு. நிஜத்தில் மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்றை மட்டும் நிறுத்த முடியாது. விளையாட்டை எழுதுகிறவருக்கு அந்தத் தடை இல்லை. வேண்டியதை ஓடவிட்டு, வேண்டாததற்கு சாவி கொடுக்காமல் விட்டுவிடலாம்.

2016 பிப்ரவரியில் வெளியான ஸ்டார்டியூ வேலி, எரிக் பரோன் என்ற அமெரிக்கர் தனியாளாகப் பல வருஷம் உட்கார்ந்து செய்தது. அதில் முதல் கடிகாரம் மட்டும்தான் ஓடுகிறது. கோழிக்குஞ்சு மூன்று இரவில் கோழியாகிவிடும். கன்றுக்கு ஐந்து நாள், பன்றிக்குப் பத்து நாள். அதோடு சரி. அப்புறம் அந்த விலங்குக்கு வயது என்ற ஒன்றே கிடையாது. மூப்பில் சாவதில்லை. தீவனம் போடாவிட்டாலும் சாகாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பால் தராமல் இருக்கும், அவ்வளவுதான். சாவுக்கு ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது: மாலையில் மாடு மேய்ச்சலில் இருக்கும்போதே தொழுவத்துக் கதவைச் சாத்திவிட்டால் அது இரவு முழுக்க வெளியே நிற்கும். அப்போது ஏதாவது காட்டு மிருகம் அடித்துவிடலாம். அது உங்கள் கவனக்குறைவுக்குத் தண்டனை. வயதுக்கு அதில் பங்கில்லை.

ஏன் இப்படி? மனம் நோகக் கூடாது என்பதற்காக என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது.

பசு நிஜத்தில் முதல் கன்று ஈன்று பாலுக்கு வரச் சுமாராக இரண்டு ஆண்டு ஆகும். ஸ்டார்டியூவில் அது ஐந்து நாள். அதாவது நம் ஒரு வருஷம் அங்கே இரண்டரை நாள். நல்லபடியாகப் பார்த்துக்கொண்ட நாட்டுமாடு பதினைந்து, இருபது வருஷம்கூட இருக்கும். குறைத்து, பதினைந்து என்றே வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் மாடு மூப்படைந்தால் 37 அல்லது 38 நாளில் கதை முடியும். விளையாட்டில் ஒரு பருவத்துக்கு 28 நாள். வசந்தத்தின் முதல் நாள் வாங்கிய மாடு கோடை பாதியைப் பார்க்காது.

இப்போது இன்னொரு கணக்கு. அங்கே ஒவ்வொரு விலங்கும் உங்கள்மீது வைக்கும் பாசத்துக்கு ஆயிரம் புள்ளி, திரையில் ஐந்து இதயமாகக் காட்டும். ஒருநாள் தடவிக் கொடுத்தால் 15 புள்ளி, வெளியே புல் மேய்ந்தால் 8, பால் கறந்தால் 5. கன்றாக இருக்கும் முதல் ஐந்து நாளும் கறவை கிடையாது, நாளுக்கு 23. அப்புறம் நாளுக்கு 28. ஒருநாளும் தவறாமல் செய்தால் ஆயிரம் எட்ட 37 நாள். பாசம் நிறைகிற நாளும் மாடு சாகவேண்டிய நாளும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன! இதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள், தற்செயல்தான். ஆனாலும் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை இது பளிச்சென்று காட்டிவிடுகிறது. வளர்ச்சியை வேகப்படுத்திய அதே அளவுக்கு மூப்பையும் வேகப்படுத்தினால், பாசத்தை வளர்க்கச் சொல்லும் விளையாட்டு ஆட்டக்காரனை ஏமாற்றியதாகிவிடும்.

சரி, மூப்பை மட்டும் நிஜ வேகத்தில் விட்டால்? அங்கே வருஷத்துக்கு 112 நாள். காலை ஆறு மணி முதல் நள்ளிரவு இரண்டு மணி வரை ஓடும் ஒருநாள், நம் கணக்கில் ஏறக்குறைய 14 நிமிடம். பதினைந்து வருஷம் என்றால் 390 மணி நேரத்துக்கு மேல். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அவ்வளவு தூரம் போவதே இல்லை. யாரும் பார்க்காத சாவை எதற்கு எழுதி வைப்பது? வேகமாக விட்டால் கொடுமை, மெதுவாக விட்டால் வெட்டி வேலை. இரண்டுக்கும் நடுவில் பொருத்தமான வேகம் சுலபத்தில் அமையாது. கடிகாரத்தையே கழற்றிவிடுவது கெட்டிக்காரத்தனம் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் சாவை எடுத்துவிட்டால் அது செய்துகொண்டிருந்த வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஸ்டார்டியூவில் முதல் தொழுவத்தில் நாலு விலங்கு நிற்கலாம், விரிவாக்கினால் எட்டு, கடைசி அளவில் பன்னிரண்டு. எதுவும் சாகாது, எதுவும் கறவை குறையாது என்பதால் தொழுவம் ஒருமுறை நிறைந்தால் நிறைந்ததுதான். இரவில் சினை பிடித்துக் கன்று பிறக்கும் வாய்ப்பு உண்டு, காளை தேவையில்லை. ஆனால் இடம் இருந்தால்தான் பிறக்கும். ஆகவே நிறைந்த தொழுவத்தில் பிறப்பும் நின்றுவிடுகிறது. இன்னொரு தொழுவம் கட்டலாமே என்பீர்கள். கட்டலாம், காசுக்கும் பஞ்சமில்லை. பதினாலு நிமிட நாளில் எத்தனை மாட்டைத் தடவ முடியும்? பன்னிரண்டு மாட்டைத் தடவி, பன்னிரண்டு முறை கறந்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. தானாகத் தடவிக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று பின்னால் கிடைக்கும். அது தடவினால் ஏறும் பாசம் கையால் தடவுவதில் பாதிகூட இல்லை.

அதனால் அங்கே மேலாண்மை என்பது இடத்தை நிர்வகிப்பதாக மாறிவிடுகிறது. ஆட்டை வைப்பதா, பசுவை வைப்பதா, செம்மறிக்கு இடம் விடுவதா? வயதான மாட்டை என்ன செய்வது என்ற கேள்வி வேறு உருவத்தில் திரும்பி வருகிறது. இந்த முறை மாடு கிழடாகவில்லை. எனக்குத்தான் வேறொன்று வேண்டும். விற்கும் விலையைப் பாருங்கள். வாங்கிய அன்றே விற்றால் வாங்கிய விலையில் 30 சதவீதம் கிடைக்கும். ஐந்து இதயமும் நிறைந்த மாட்டுக்கு 130 சதவீதம். 1,500க்கு வாங்கிய மங்களம் இன்றைக்கு 1,950க்குப் போவாள். நம் சந்தையில் வருஷம் ஏறினால் விலை இறங்கும். இங்கே வருஷம் ஏற ஏற, நீங்கள் பாசம் வைக்க வைக்க, விற்பது லாபம். தரகர் பல்லைப் பார்ப்பதற்குப் பதிலாக இதயத்தை எண்ணுகிறார். இதைவிடக் குரூரமான விலைப்பட்டியலை நான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. அதை எழுதியவருக்கு அப்படி ஒரு நோக்கம் இருந்திருக்காது என்றும் நினைக்கிறேன்.

ஸ்டார்டியூவுக்கு மூதாதை ஜப்பானில் இருக்கிறது. யாசுஹிரோ வாடா உருவாக்கி 1996இல் வெளியான பண்ணை விளையாட்டு, மேற்கில் ஹார்வெஸ்ட் மூன் என்ற பெயரில் பரவியது. பெயர் உரிமைச் சிக்கலால் பின்னாளில் அந்தத் தொடர் அங்கே ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ் ஆனது. அந்த வரிசையில் 2003இல் கேம்கியூப் என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த ‘எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ இந்த விஷயத்தில் தனி ரகம். அதில் எல்லோருக்கும் வயதாகும். ஊர்க்காரர்களுக்கு நரை விழும், உங்கள் பிள்ளை குழந்தையிலிருந்து வாலிபனாவான், கடைசியில் கதாநாயகனே இறந்துபோவான். அப்படிப்பட்ட ஊரில் மாடு மட்டும் என்றும் பதினாறாக இருக்க முடியுமா?

அங்கே இரண்டாவது கடிகாரம் ஓடுகிறது. பசு கன்று ஈன்றால்தான் பால். ஈன்று ஏறக்குறைய ஒரு வருஷம் கறக்கலாம் (அந்த ஊரில் பருவத்துக்குப் பத்து நாள், வருஷத்துக்கு நாற்பது நாள்), அப்புறம் வற்றிவிடும். மறுபடி பால் வேண்டுமானால் சினைப்படுத்த வேண்டும். அதற்குக் காளை வாங்க வேண்டும், அல்லது அதற்கென்று விற்கும் மருந்தை வாங்க வேண்டும். சினையாக இருக்கும் காலத்திலும் தீனி போட வேண்டும். பிறக்கும் கன்று கிடேரியா காளைக்கன்றா என்பது உங்கள் கையில் இல்லை. காளைக்கன்று பிறந்தால் என்ன செய்வது? தொழுவத்தில் ஓர் இடம், தினமும் தீனி, பால் கிடையாது. பெரும்பாலோர் தகாகுரா என்ற பண்ணைக் கூட்டாளியிடம் சொல்லி விற்றுவிடுவார்கள். பால் மாடு வைத்திருக்கும் எந்த நாட்டு விவசாயியும் இதைப் பார்த்துவிட்டு, ‘ஆமாம், இதுதான் எங்கள் பாடு’ என்பார்.

இங்கே கெட்டிக்காரத்தனம் என்பது எல்லா மாடும் ஒரே சமயத்தில் வற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது. மூன்று மாடு இருந்தால் ஒன்று ஈன்று கறவையில், ஒன்று வற்றப்போகும் நிலையில், ஒன்று சினையில் என்று முன்பின்னாக வைத்திருந்தால் வருஷம் முழுக்கப் பால் நிற்காது. நம் ஊரில் இரண்டு மாடு வைத்திருப்பவர்கூட இப்படித்தான் ஈத்தைத் தள்ளித் தள்ளி வைப்பார். விளையாட்டில் இதை முதன்முதலில் கண்டுபிடித்த சின்னப் பையன்கள் ஏதோ ரகசிய உத்தி என்று கொண்டாடினார்கள். பாட்டி சிரித்திருப்பார்.

இந்த விளையாட்டின் வெள்ளாட்டுக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. வான் என்ற நாடோடி வியாபாரி ஒரு வெள்ளாட்டை விற்பான். நல்ல பால், நல்ல விலை. ஒரு வருஷம் போனால் வற்றிவிடும். பசுவைப் போல அதைச் சினைப்படுத்த வழியில்லை. விற்கவும் முடியாது. தொழுவத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, புல்லைத் தின்றுகொண்டு, ஒன்றும் தராமல் நிற்கும். எழுதியவர்கள் கறவைக் கடிகாரத்தை ஓடவிட்டார்கள், ஆனால் அது நின்ற பிறகு ஆடு எங்கே போகவேண்டும் என்பதற்கு வாசல் வைக்க மறந்துவிட்டார்கள். விளைவு, ஆட்டைக் கவனிக்காமல் விட்டு அது தானாகச் செத்துப்போகக் காத்திருப்பதுதான் வழி என்று ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கருணைமிக்க பண்ணை வாழ்க்கையைக் காட்டவந்த விளையாட்டு, ஒரு விதி விட்டுப்போனதால் பிள்ளைகளுக்குப் பட்டினி போடக் கற்றுக்கொடுத்தது.

இந்த இரண்டிலும் இல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும்: கசாப்புக்கடை. ஸ்டார்டியூவிலும் சரி, ஹார்வெஸ்ட் மூன் வரிசையிலும் சரி, வளர்த்த விலங்கை இறைச்சிக்கு வெட்டுவது கிடையாது. நிஜப் பண்ணையில் வயது என்ற பேச்சே அங்கேதான் போய் முடிகிறது. பெரிய முட்டைப் பண்ணைகளில் கோழி 72 முதல் 80 வாரம் வரை, முட்டை குறையத் தொடங்கியதும் அனுப்பிவிடுவார்கள். அந்தக் கோழி இன்னும் சில வருஷம் வாழக்கூடியது. பெரிய பால் பண்ணைகளிலும் பசு கிழடாகிச் சாவது அபூர்வம்; ஐந்தாறு வயதில் கணக்கு ஒத்துவராமல் வெளியேறிவிடும். மூப்பு என்பதே அங்கே பெரும்பாலும் விலங்குக்குக் கிட்டாத சலுகை. கசாப்பை மறைத்த விளையாட்டு மூப்பையும் சேர்த்து மறைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஸ்டார்டியூவில் ‘விற்கவா’ என்று கேட்டு ‘சரி’ என்றதும் மாடு மறைந்துவிடும். எங்கே போயிற்று என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சிம்ஸ் வரிசையின் பார்வை வேறு. அது முதலில் மனிதர்களின் வாழ்க்கை விளையாட்டு. வயதாவதும் சாவதும் அதன் அடிப்படை. குறுகிய, இயல்பான, நீண்ட என்று ஆயுளை அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் மனிதர்களுக்கு வயதாவதையே நிறுத்திவைக்கலாம். சிம்ஸ் 4க்கு 2021 ஜூலையில் வந்த ‘காட்டேஜ் லிவிங்’ என்ற விரிவாக்கத்தில் கோழி, பசு, லாமா மூன்றும் வந்தன. அவை மூப்படைந்து சாகவும் செய்யும். இங்கே எனக்குச் சுவையாகப் பட்டது கோழிக்கும் பசுவுக்கும் உள்ள வித்தியாசம். சேவல் இருந்தால் கோழி அடைகாக்கத்தக்க முட்டையிடும், குஞ்சு பொரிக்கும், வம்சம் தொடரும். பசுவுக்கும் லாமாவுக்கும் அப்படி இல்லை. கன்று என்ற ஒன்றே கிடையாது. வளர்ந்த மாட்டை வாங்குகிறீர்கள், அது போனால் இன்னொன்றை வாங்குகிறீர்கள். ஒரே பண்ணையில் கோழிக்கூடு தலைமுறைகளாக ஓடுகிறது. பசுக் கொட்டகை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறது.

தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தை ஆடுபவர்களுக்கு இதில் ஒரு யோசனை சொல்வேன். எல்லாக் கோழியையும் ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள். ஒன்றாக வந்தவை ஒன்றாகக் கிழடாகும். ஒரே வாரத்தில் கூடு காலியாகி, வீட்டு மனிதர்கள் எல்லோரும் சோகத்தில் மூழ்கி, வேலைக்குக்கூடப் போகமாட்டார்கள். இரண்டிரண்டாக, இடைவெளி விட்டு வாங்கி, நடுவில் குஞ்சு பொரிக்க விட்டால் கூட்டில் எப்போதும் எல்லா வயதும் இருக்கும்.

மைன்கிராஃப்டையும் சொல்லிவிடலாம், அது வாழ்க்கை விளையாட்டு இல்லை என்றாலும். அங்கே கன்று இருபது நிமிடத்தில் மாடாகும். தீனி கொடுத்தால் மீதி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும். அப்புறம் மூப்பால் சாவதில்லை. நீங்களாக வெட்டினாலோ விபத்தில் சிக்கினாலோதான் சாவு, இல்லாவிட்டால் இருந்துகொண்டே இருக்கும். வளர்ச்சிக் கடிகாரமும் கசாப்பும் மட்டும். ஒருவகையில் இதுதான் எல்லாவற்றிலும் நேர்மையானது: மாட்டை எதற்காக வளர்க்கிறீர்கள் என்பதில் எந்த மழுப்பலும் இல்லை.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், விளையாட உட்காரும்போது ஸ்டார்டியூ, யோசிக்கும்போது எ ஒண்டர்ஃபுல் லைஃப். அந்த வற்றிப்போன வெள்ளாடு மனதில் நிற்பதுபோல மங்களம் நிற்பதில்லை. வயதில்லாத மாட்டுக்குக் கதை இல்லை. முதல் ஈத்தில் உதைத்தாள், மூன்றாவதில் இரட்டைக்கன்று, ஐந்தாவதில் மடிநோய் வந்து பிழைத்தாள் என்று பாட்டி ஒரு மாட்டைப் பற்றிச் சாயங்காலம் முழுக்கப் பேசுவார். மங்களத்தைப் பற்றி நான் சொல்வதற்கு இருப்பது ஏழு வருஷமாக ஒரே வாக்கியம்தான்: பால் கொடுக்கிறாள்.

போன வாரம் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ‘அப்பா, இதுக்குக் கன்னுக்குட்டியே பொறக்காதா?’ என்றாள். தொழுவத்தில் பன்னிரண்டும் நிறைந்திருக்கிறது, இடம் இருந்தால்தான் பிறக்கும் என்றேன். ‘அப்ப ஒண்ண வித்துடு’ என்றாள் சட்டென்று. மங்களத்தைத் தொட்டு அவளுடைய விவரத் திரையைத் திறந்தேன். ஐந்து இதயம், கீழே 1,950 காசு. மகள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ‘வேற மாடு இல்லையா?’ என்றாள். மற்ற பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். எல்லாவற்றுக்கும் ஐந்து இதயம், எல்லாவற்றுக்கும் பெயர். அதற்குள் விளையாட்டில் மணி மதியம் ஒன்றாகிவிட்டது. அன்றைக்குப் பால் கறக்க இன்னும் நாலு மாடு பாக்கி.